சாங்கியில் விடியற்காலை இறங்கி, தேக்கா ஹோட்டலுக்கு வந்து சேர்வது எப்படி

சென்னையிலும் திருச்சியிலும் ராத்திரி ஏறினால் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் விடியும் நேரத்துக்கு இறக்கிவிடுவார்கள். ஹோட்டலில் அறை கொடுப்பது மதியம் இரண்டு மணிக்கு, சில இடங்களில் மூன்று மணிக்கு. நடுவில் எட்டு மணி நேரம் கிடக்கிறது. டாக்சிக்கு எவ்வளவு, ரயிலுக்கு எவ்வளவு என்று பைசா பைசாவாக விசாரித்துக்கொண்டு வருகிறவர்கள்கூட இந்த எட்டு மணி நேரத்தை மறந்துவிடுகிறார்கள்.

நான் லிட்டில் இந்தியா வட்டாரத்தில் தேக்கா பக்கம், சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் இருக்கிற சின்ன ஹோட்டலில் ராத்திரி ஷிப்டு பார்க்கிறேன். சொந்த ஊர் தேவகோட்டை. காலை ஆறரைக்கும் எட்டரைக்கும் நடுவில்தான் எங்கள் கண்ணாடிக் கதவு அதிகம் திறக்கும். கயிறு கட்டிய பெட்டி, தூங்கி வழியும் பிள்ளை, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தயங்கும் பாட்டி. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “ரூம் ரெடியாம்மா?” ரெடி இல்லை. அதனால் கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் முதலில் திருப்பிக் கேட்பது: எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள், எத்தனை பேர், எத்தனை பெட்டி? இதற்குப் பதில் வந்தால் டாக்சியா ரயிலா என்பது தானாகவே தீர்ந்துவிடும்.

இங்கே டாலரை வெள்ளி என்போம். இனி அப்படியே எழுதுகிறேன்.

வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

ஹோட்டல் முகவரியில் கடைசியாக வரும் ஆறு இலக்க அஞ்சல் எண்ணைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் ஏறக்குறைய ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி எண் உண்டு. ஒரே பெயரில் நகரமெங்கும் கிளை வைத்திருக்கும் ஹோட்டல்கள் இருக்கின்றன. பெயரை மட்டும் சொல்லி ஏறினால் வேறொரு கிளையின் வாசலில் இறங்க நேரும். அந்த ஆறு எண்ணைக் காட்டினால் ஓட்டுநர் அதை அப்படியே அடித்து நேராக வாசலுக்குக் கொண்டுவந்து விடுவார். தொலைபேசியில் வைத்திருந்தால் மட்டும் போதாது. இறங்கும்போது சார்ஜ் இருக்காது. ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள்.

அடுத்தது பெயர். நம் ஆட்களுக்கு இது பெரிய தலைவலி. ‘ஆர். செல்வம்’ என்று அறை பதிவு செய்திருப்பார். பாஸ்போர்ட்டில் செல்வம் ஒரு கட்டத்திலும் அப்பா பெயர் ராமசாமி இன்னொரு கட்டத்திலும் இருக்கும். எங்கள் கணினி அவரை ராமசாமி என்று அடுக்கி வைத்திருக்கும். அவர் “செல்வம்” என்று சொல்ல, நான் தேட, பின்னால் வரிசை நிற்க, ஐந்து நிமிடம் போய்விடும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே பதிவு செய்யுங்கள். பதிவு எண்ணையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

விசா கையில் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் ‘எஸ்ஜி அரைவல் கார்டு’ என்று ஒன்றை இணையத்தில் நிரப்ப வேண்டும். வருகிற நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும். இது முற்றிலும் இலவசம். சிங்கப்பூர் குடிநுழைவு (இமிகிரேஷன்) ஆணையத்தின் தளத்திலோ அதன் ‘மைஐசிஏ’ செயலியிலோ மட்டும் செய்யுங்கள். தேடினால் முதலில் வந்து நிற்கும் சில தளங்கள் இதற்குக் காசு கேட்கும். அவை அரசாங்கத் தளங்கள் இல்லை. மின்னஞ்சல் கேட்கும் இடத்தில் நீங்களே திறந்து பார்க்கக்கூடிய முகவரியைக் கொடுங்கள், ஏஜென்டின் முகவரி வேண்டாம். காரணம் பிறகு வரும்.

வங்கி அட்டையில் இரண்டு பொத்தான்களைத் திறந்துவிட்டு வாருங்கள்: வெளிநாட்டுப் பயன்பாடு ஒன்று, தட்டிச் செலுத்தும் வசதி இன்னொன்று. இந்திய வங்கிகள் கொடுக்கும் புது அட்டைகளில் இரண்டும் அணைந்தே இருக்கும். வங்கிச் செயலியில் ஒரு நிமிட வேலைதான். ஆனால் ஓடிபி வர வேண்டும், அதற்கு ஊர் எண்ணில் சிக்னல் வேண்டும். சாங்கியில் நின்றுகொண்டு செய்யப் பார்த்தால் ஒரு மணி நேர வேலையாகிவிடும். வாடகைக் கார் பிடிக்கிற கிராப் செயலியையும் இதே காரணத்துக்காக ஊரிலேயே பதிவு செய்துவிடுங்கள்.

பெட்டியில் என்ன வேண்டாம் என்று ஒரு வார்த்தை. கசகசா வேண்டாம், இங்கே அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிற சரக்கு, குருமாவுக்குத்தான் என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. வாயில் போடும் புகையிலை, மின்சிகரெட், சூயிங்கம் எல்லாம் தடை. சிகரெட்டுக்கு வரிச்சலுகையே கிடையாது, ஒரு பாக்கெட் என்றாலும் சுங்கத்தில் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்ட வேண்டும்.

கைப்பையில் ஆளுக்கு ஒரு மாற்றுடை, ஒரு சின்னத் துண்டு, பல் துலக்கும் பொருள். இதை ஏன் சொல்கிறேன் என்பது கடைசியில் எங்கள் ஹோட்டலுக்கு வந்ததும் புரியும்.

இறங்கியதும்

குடிநுழைவுக்கு ஓடாதீர்கள். விமானத்திலிருந்து இறங்கி நடக்கும் வழியிலேயே நல்ல கழிப்பறைகள் இருக்கின்றன. பல் தேய்த்து, முகம் கழுவி, சட்டையை மாற்றிக்கொள்ளுங்கள். உடன் வந்த கூட்டம் மொத்தமும் வரிசையில் நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தில் உங்கள் வேலை முடிந்துவிடும், வரிசையும் கரைந்துவிடும். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். காலிப் பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வையுங்கள்.

முதல் முறை வருகிறவர்களும் இப்போது தானியங்கிக் கதவு வழியாகவே போகலாம். பாஸ்போர்ட்டை வைத்தால் முகத்தையும் கண்ணையும் பார்த்துக் கதவு திறக்கும். முத்திரை குத்த மாட்டார்கள். எத்தனை நாள் தங்கலாம் என்பது மின்னஞ்சலில் வரும். உங்களுடைய முகவரியைக் கொடுக்கச் சொன்னது இதற்காகத்தான். சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் அங்கே நிற்கும் அதிகாரியிடம் கேட்டு, ஆள் இருக்கும் முகப்புக்குப் போங்கள்.

பல பலகைகளில் தமிழும் இருக்கும். அதைப் பார்த்ததும் நம்மவர்களுக்கு ஒரு தெம்பு வந்துவிடும். நல்லதுதான், ஆனால் நம் முகச்சாயலில் இருக்கிற எல்லோருக்கும் தமிழ் தெரியும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். உடைந்த ஆங்கிலமே எல்லா இடத்திலும் ஓடும்.

பணம் மாற்றுவதாக இருந்தால் ஐம்பது வெள்ளிக்கு மட்டும் மாற்றுங்கள். மிச்சத்தைத் தேக்காவிலோ முஸ்தபா என்கிற பெரிய கடையின் பக்கத்திலோ மாற்றிக்கொள்ளலாம். அங்கே கடைக்குக் கடை போட்டி, விலை கொஞ்சம் மேலாகக் கிடைக்கும். விமான நிலையத்தில் இலவச வைஃபை உண்டு. சிம் வாங்க பாஸ்போர்ட் கேட்பார்கள்.

எந்த முனையத்தில் இறங்கியிருக்கிறீர்கள் என்று பலகையைப் பாருங்கள். ஸ்கூட் முதலாம் முனையம். ரயில் நிலையம் இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு அடியில் இருக்கிறது. முதலாம் முனையத்திலிருந்து ஸ்கைட்ரெயின் என்ற குட்டி ரயிலில் போகலாம், அல்லது ஒட்டியிருக்கும் ஜுவல் வணிக வளாகம் வழியாக நடக்கலாம். நாலாம் முனையம் தனியாகத் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து மற்ற முனையங்களுக்கு இலவசப் பேருந்து ஓடுகிறது.

ஜுவல் அருவியைப் பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று காலை ஆறு மணிக்குப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவிதான், மறுக்கவில்லை. ஆனால் காலை பத்து, பதினோரு மணிக்குத்தான் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். விடியற்காலையில் போனால் காய்ந்த கண்ணாடி ஓட்டையைத்தான் அண்ணாந்து பார்க்க வேண்டும். ஊருக்குத் திரும்பும் நாளில் இரண்டு மணி நேரம் முன்னால் வந்து பாருங்கள்.

டாக்சி: கடிகாரத்தைப் பார்த்து ஏறுங்கள்

மூன்று பேருக்கு மேல் இருந்தால், வயதானவர்கள் இருந்தால், பெரிய பெட்டி இரண்டுக்கு மேல் இருந்தால், யோசிக்காமல் டாக்சி. சாங்கியிலிருந்து லிட்டில் இந்தியா ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். சாலை காலியாக இருந்தால் அரை மணிக்குள் வந்துவிடலாம். பேரம் பேசும் வழக்கம் இல்லை. வரிசையில் நின்று வருகிற வண்டியில் ஏறுங்கள், மீட்டர் ஓடும். டிப்ஸ் எதிர்பார்க்க மாட்டார்கள். உள்ளே வந்து “டாக்சி வேணுமா சார்” என்று காதோரம் கேட்கிற யாரோடும் போகாதீர்கள்.

மீட்டரில் சுமார் இருபது வெள்ளி வரும் என்று வையுங்கள். அதன்மேல் கூடுதல் கட்டணங்கள் ஏறும். விமான நிலையக் கட்டணம் பகலில் ஆறு வெள்ளி, மாலை ஐந்திலிருந்து நள்ளிரவு வரை எட்டு வெள்ளி. இது போக நேரத்தைப் பொறுத்த ஏற்றம் ஒன்று இருக்கிறது. நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5.59 வரை ஏறினால் மீட்டர் தொகையில் பாதியைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6 மணியிலிருந்து 9.29 வரை கால் பங்கு. மாலையிலும் நள்ளிரவு வரை எல்லா நாளும் அதே கால் பங்கு.

இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்தே முக்காலுக்குப் பெட்டியோடு வெளியே வந்து உடனே ஏறினால் இருபதும் பத்தும் ஆறும் முப்பத்தாறு வெள்ளி. பதினைந்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு ஆறு மணிக்கு ஏறினால் வாரநாளில் முப்பத்தொன்று, சனிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ என்றால் இருபத்தாறு. ஏறுகிற நேரம்தான் கணக்கு. அந்தப் பத்து வெள்ளியில் குடும்பமே தேக்காவில் காலைப் பலகாரம் முடித்துவிடலாம். வழியில் சாலைக் கட்டணக் கம்பத்தைக் கடந்தால் ஓரிரண்டு வெள்ளி சேரும். அது ஓட்டுநர் ஏமாற்றுவது இல்லை, ரசீதில் தனியாக அச்சாகி வரும்.

வாரநாளில் ஏழரைக்குப் பிறகு நகரத்துக்குள் வரும் சாலை நெரியும். அரை மணிப் பயணம் முக்கால் மணியாகும், மீட்டரும் அதற்கேற்ப.

சாதாரண டாக்சியில் நான்கு பேருக்கு இடம் உண்டு, நான்கு பேரின் பெட்டிகளுக்கு இல்லை. பெரிய பெட்டி இரண்டு, கைப்பெட்டி இரண்டு என்றால் சரியாக இருக்கும். அதற்கு மேல் என்றால் வரிசையை ஒழுங்குபடுத்தும் பணியாளரிடம் ஆறு பேர் ஏறும் வண்டி கேளுங்கள். கூடுதலாக ஆகும், இரண்டு டாக்சி பிடித்து ஒன்று ஒரு பக்கமும் இன்னொன்று வேறு பக்கமும் போவதைவிட மேல்.

கிராப்பில் எவ்வளவு என்று முன்னாலேயே காட்டிவிடும், அது ஒரு நிம்மதி. மழை பெய்தாலும் கூட்டம் இருந்தாலும் விலை எகிறும், அப்போது டாக்சி வரிசையே மலிவு. கிராப் வண்டி நிற்கும் வாசல் வேறு. செயலி சொல்லும் வாசல் எண்ணுக்குப் போய் நில்லுங்கள். உயரம் 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைகள் தனியார் வாடகைக் காரில் போக சிறுவர் இருக்கை கட்டாயம். டாக்சிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு டாக்சியைச் சொல்வது அதனால்தான். பின் இருக்கையிலும் பெல்ட் போட வேண்டும்.

ஓட்டுநர் பெரும்பாலும் வயதான சீனர். “அங்கிள்” என்று கூப்பிடுங்கள், இங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். அஞ்சல் எண் எழுதிய தாளைக் கொடுங்கள். அட்டையில் செலுத்துவதாக இருந்தால் ஏறும்போதே கேட்டுவிடுங்கள்.

ரயில்: இரண்டு பேர், ஆளுக்கு ஒரு பெட்டி

தம்பதியாக வருகிறீர்கள், ஆளுக்கு ஒரு பெட்டி, உடம்பில் தெம்பு இருக்கிறது என்றால் ரயிலில் வாருங்கள். ஆளுக்கு இரண்டு வெள்ளியை ஒட்டித்தான் வரும். நேரம் ஒரு மணி வைத்துக்கொள்ளுங்கள். எப்படியும் அறை தயாராக இருக்காது, அதனால் அவசரம் ஒன்றும் இல்லை. முதல் ரயில் காலை ஐந்தரை மணிக்கு. ஞாயிறும் பொது விடுமுறையும் என்றால் ஆறு மணி வாக்கில்.

சீட்டு வாங்கும் முகப்பைத் தேடாதீர்கள், ஒற்றைப் பயணச் சீட்டு 2022இலேயே போய்விட்டது. விசா, மாஸ்டர்கார்டு அட்டையைக் கதவில் தட்டி உள்ளே போகலாம். ரூபேயை நம்பி வர வேண்டாம். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ஒரே அட்டையை இரண்டு பேருக்குத் தட்ட முடியாது. எதை வைத்து உள்ளே தட்டினீர்களோ அதை வைத்தே வெளியே தட்டுங்கள். உள்ளே பிளாஸ்டிக் அட்டை, வெளியே தொலைபேசியில் இருக்கும் அதே அட்டை என்றால் இயந்திரத்துக்கு இரண்டும் வேறு வேறு. வெளிநாட்டு அட்டைக்குப் பயன்படுத்தும் நாளொன்றுக்கு அறுபது காசு நிர்வாகக் கட்டணம் பிடிப்பார்கள். நான்கைந்து நாள் தங்கி, தினமும் ரயிலும் பேருந்துமாகச் சுற்றப்போகிறவர்கள் நிலையத்திலேயே ஈசி-லிங்க் அட்டை வாங்கிப் பணம் போட்டுக்கொள்ளலாம். 0.9 மீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை.

வழி இரண்டு. உங்கள் ஹோட்டல் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத் தேர்ந்தெடுங்கள்.

டன்லப் ஸ்திரீட்டின் கீழ்க்கோடி, ஜாலான் புசார் சாலை, அந்தச் சுற்றுவட்டாரம் என்றால்: சாங்கியில் ஏறி அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்குங்கள். நீல நிறப் பாதைக்கு மாறி, புக்கிட் பாஞ்சாங் என்று போட்டிருக்கும் பக்கம் ஏறினால் பதின்மூன்றாவது நிலையம் ஜாலான் புசார். எக்ஸ்போவில் மாறும்போது கொஞ்சம் நடக்க வேண்டும், ஆனால் ரயில் காலியாக வரும், உட்கார்ந்துகொண்டே வரலாம். ஒரு எச்சரிக்கை: இதே நீலப் பாதையில் லிட்டில் இந்தியாவும் இருக்கிறதே, அப்படியே உட்கார்ந்திருப்போம் என்று நினைக்காதீர்கள். ஜாலான் புசாரைத் தாண்டியதும் அந்த ரயில் சைனாடவுன், பேஃபிரண்ட் என்று நகரத்தையே ஒரு சுற்றுச் சுற்றி, பத்து நிலையம் கழித்துத்தான் லிட்டில் இந்தியாவுக்கு வரும்.

தேக்கா சந்தை, பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, ரேஸ் கோர்ஸ் ரோடு என்றால்: சாங்கியிலிருந்து தானா மேரா. அங்கே பச்சை நிறப் பாதையில் துவாஸ் லிங்க் பக்கம் போகும் ரயிலுக்கு மாறுங்கள். பாசிர் ரிஸ் பக்கம் ஏறிவிடாதீர்கள், அது எதிர்த்திசை. எட்டாவது நிலையம் பூகிஸ். அங்கே நீலப் பாதையில் புக்கிட் பாஞ்சாங் பக்கம் ஏறினால் ரோச்சோர், அடுத்தது லிட்டில் இந்தியா. இரண்டு தடவை மாற வேண்டும். பச்சைப் பாதை வாரநாளில் ஏழரையிலிருந்து ஒன்பது வரை பிதுங்கும். அந்த நேரத்தில் பெட்டியோடு ஏறி எல்லோருடைய காலிலும் இடிப்பதற்கு எக்ஸ்போ வழியே நல்லது, கொஞ்சம் அதிகமாக நடந்தாலும்.

சையது ஆல்வி ரோடு, முஸ்தபா பக்கம் தங்குகிறவர்களுக்கு ஃபேரர் பார்க் நிலையம்தான் கிட்டே. ஆனால் சாங்கியிலிருந்து அங்கே வர மேலே சொன்ன இரண்டாவது வழியோடு இன்னொரு தடவை, ஊதா நிறப் பாதைக்கு மாற வேண்டும். பெட்டியோடு மூன்று மாற்றம் அதிகம். ஜாலான் புசாரில் இறங்கி நடக்கலாம், இல்லையென்றால் டாக்சி.

நிலையத்திலிருந்து வெளியேறும் வாசல்களுக்கு எழுத்துகள் இருக்கும். உங்கள் தெருவுக்கு எந்த எழுத்து என்று நிலையத்துக்குள் இருக்கும் வட்டார வரைபடத்தில் பார்த்துவிட்டு மேலே ஏறுங்கள். தவறான வாசலில் ஏறினால் பெட்டியோடு பெரிய சாலையைக் கடக்க வேண்டி வரும். மின்தூக்கி எல்லா நிலையத்திலும் உண்டு. நகரும் படியில் இடப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள், வலப்பக்கம் விரைந்து போகிறவர்களுக்கு.

ரயிலிலும் நிலையத்துக்குள்ளும் தின்னவோ குடிக்கவோ கூடாது. ஐந்நூறு வெள்ளி வரை அபராதம். அழுகிற பிள்ளைக்கு முறுக்கை உடைத்துக் கொடுக்கிற பாட்டிகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

36ஆம் எண் பேருந்து விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு வருகிறது. ஆர்ச்சர்டு பக்கம் தங்குகிறவர்களுக்குப் பரவாயில்லை. தேக்காவுக்கு அதனால் பெரிய பிரயோசனம் இல்லை.

எங்கள் மேசைக்கு வந்த பிறகு

தங்கப்போகும் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் வேண்டும், பிள்ளைகளுடையதும்தான். இரண்டு பேர் அறையில் மூன்றாவது ஆளை “அவர் கீழே பாய் போட்டுப் படுத்துக்குவார்” என்று சேர்க்க முடியாது. இதை நான் வாரம் தவறாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முன்பணமாக அட்டையிலோ ரொக்கமாகவோ ஒரு தொகையை வைத்துக்கொள்வோம், காலி செய்யும்போது திரும்பிவிடும். பதிவு செய்யும்போது விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்ததா என்று பாருங்கள். இருந்தால் அதன்மேல் பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும் ஒன்பது விழுக்காடு ஜிஎஸ்டியும் வரும்.

இந்தப் பக்கத்து ஹோட்டல்களில் நிறைய, பழைய கடைவீடுகளை மாற்றிக் கட்டியவை. மலிவான அறைகளில் சன்னலே இருக்காது. இணையத்தில் ஒரு மூலையில் எழுதியிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. மூச்சு முட்டும் என்கிற ஆள் உங்களில் இருந்தால் சன்னல் உள்ள அறை என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். மின்சாரச் செருகி இங்கே தட்டையான மூன்று கால். நம் ஊர் உருண்டைக் கால் நுழையாது, மாற்றுச் செருகி வேண்டும்.

சரி, அந்த எட்டு மணி நேரம். விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று முதல் நாளே ஹோட்டலுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். காலையில் கிளம்பிப் போகிறவர்களின் அறைகளைத்தான் சுத்தம் செய்யும் அக்காமார்கள் முதலில் எடுப்பார்கள். அப்படித் தயாராகும் முதல் அறை, முன்னாலேயே எழுதிக் கேட்டவருக்குப் போகும். வாசலில் நின்று கேட்டவர் அடுத்துத்தான். வாரநாட்களில் பதினோரு மணிக்கே அறை கொடுத்துவிடுகிற நாட்கள் உண்டு. சனிக்கிழமை எதிர்பார்க்காதீர்கள்.

எழுபது தாண்டிய அப்பா அம்மாவைக் கூட்டி வருகிறீர்களா, கைக்குழந்தை இருக்கிறதா? முதல் நாள் ராத்திரிக்கும் சேர்த்தே ஒரு அறை பதிவு செய்துவிடுங்கள். விடியற்காலை வருவோம் என்று ஹோட்டலுக்குச் சொல்லியும் வையுங்கள். இல்லாவிட்டால் ராத்திரி ஆள் வரவில்லை என்று பதிவை ரத்து செய்துவிடுவார்கள். ஒரு நாள் வாடகை வீண் என்று மருமகன்கள் முகம் சுளிப்பார்கள். முழங்கால் வலியோடு வரவேற்பறை சோபாவில் மதியம் வரை உட்கார்ந்திருக்கும் மாமியாரை நான் பார்த்திருக்கிறேன், அந்த மருமகனையும் பார்த்திருக்கிறேன். கொடுத்துத் தொலையலாம் அந்த வாடகையை.

மற்றவர்கள் பெட்டியை எங்களிடம் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குக் காசு கிடையாது. பெட்டி அடுக்கில் உள்ளே போய்விட்டால் ஒவ்வொன்றுக்காகவும் வந்து திறக்கச் சொல்ல வேண்டாம். மாற்றுடையும் துண்டும் கைப்பையில் இருக்கட்டும் என்றது இதற்காக. கீழ்த்தளத்தில் குளியலறை உள்ள ஹோட்டல்கள் சில உண்டு. தயங்காமல் கேளுங்கள், இருந்தால் திறந்துவிடுவோம்.

பிறகு சாப்பிடப் போங்கள். தேக்கா சந்தைக் கட்டடத்தின் சாப்பாட்டுக் கடைகளில் காலையிலேயே ஆப்பமும் தோசையும் புரோட்டாவும் கிடைக்கும். சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் அதற்குரிய அடுக்கில் வைக்க வேண்டும்; 2021இலிருந்து அது சட்டம். உட்கார்ந்து இலைச்சாப்பாடு மாதிரி நிதானமாகச் சாப்பிட வேண்டும் என்றால் 1947இலிருந்து சிராங்கூன் ரோட்டிலேயே இருக்கும் கோமள விலாஸ். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் வீரமாகாளியம்மன் கோயில். காலையிலேயே போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். முஸ்தபாவுக்கு மட்டும் அன்று காலை போக வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் அந்தக் கடைக்குள் நுழைந்தால் தேவையில்லாததைத்தான் வாங்குவீர்கள். முன்பு போல இருபத்து நான்கு மணி நேரமும் திறந்தும் இல்லை.

ராத்திரி இறங்குகிறவர்களுக்கு

பதினோரு மணிக்குள் ரயில் மேடையில் நிற்க முடியும் என்றால் ரயில். அதற்குப் பிறகு பாதி வழியில் மாறுகிற இடத்தில் கடைசி ரயில் போய்விடலாம், டாக்சிதான் சரி. நள்ளிரவுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வரிசையில் நின்றால் ஏறும் முன் மணி பன்னிரண்டு ஆகிவிடும், பாதிக் கூடுதலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் இரவும் தேக்கா தெருக்களில் வேலைக்கு வந்த தம்பிகள் ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். வண்டி சந்துக்குள் நுழையச் சிரமப்படும். பெரிய சாலையிலேயே இறக்கிவிடச் சொல்லி நடந்து வந்துவிடுங்கள், பயப்பட ஒன்றும் இல்லை, எல்லாம் நம் ஊர்ப் பிள்ளைகள்.

எங்களைப் போன்ற சின்ன ஹோட்டல்களில் நள்ளிரவுக்குப் பிறகு கதவைப் பூட்டித்தான் வைப்போம். பக்கத்தில் மணி இருக்கும். ஒரு தடவை அடித்துவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். பின்னால் துண்டுகளை மடித்துக்கொண்டிருப்பேன், நடந்து வர வேண்டும். பதிவு எண் எழுதிய தாளைக் கண்ணாடியில் காட்டினால் போதும்.